புனல் வலைச் சிலந்திகள்: பெயர் ஒன்று, குடும்பம் பல

மார்கழி, தை மாதங்களில் பொழுது புலரும் வேளையில் வரப்பின்மீது நடந்து செல்லும் குடியானவர், அருகம்புல்லின்மேல் வெண்துகில் விரித்தாற்போலப் பனித்துளிகளைத் தாங்கி நிற்கும் வலைகளைக் கண்டிருப்பர். அவ்வலையானது ஒருபுறம் தட்டையாய்ப் பரந்து, மறுபுறம் வரவரக் குறுகி, புல்லின் வேரடியிலோ மண் வெடிப்பிலோ ஒரு குழாய்போல முடிவடையும். குழாயின் வாயில் முன்னங்கால்களை நீட்டியவண்ணம் சிலந்தி ஒன்று காத்திருக்கும். தத்துக்கிளிக் குஞ்சொன்று வலைமீது விழுந்த மாத்திரத்தில் பாய்ந்து அதனைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே குழாய்க்குள் மறைந்துவிடும். வெயில் ஏறிப் பனி உலர்ந்தபின் வலை எளிதிற் கண்ணுக்குப் புலப்படாது. எண்ணெய் ஊற்றும் புனலைச் சாய்த்து வைத்தாற்போன்ற வடிவினதாகலின் இதனைப் புனல் வலை என்பர். புனல் என்றது ஈண்டு ஆற்று நீரையன்று. செக்கடியிலும் எண்ணெய்க் கடையிலும் வழங்கும் கருவியையே.

இப்பெயரால் ஒரு மயக்கம் நேர இடமுண்டு. ஆஸ்திரேலியா கண்டத்தின் கீழ்க்கரையில், சிட்னி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைக்காடுகளையும் இடமாகக் கொண்டு வாழும் சிலந்தி ஒன்றுக்கும் புனல் வலைச் சிலந்தி என்றே பெயர். அதன் விஷம் மனிதரைக் கொல்ல வல்லது. உலகிலுள்ள சிலந்திகளுள் அதனினும் கொடியதில்லை என்று பத்திரிகைகள் பலமுறை எழுதியுள்ளன. அச்செய்தியை வாசித்தவர், பெயர் ஒன்றாயிருத்தலின் பொருளும் ஒன்றே எனக் கருதி, தம் வரப்பிலுள்ள வலைகளைக் கண்டு அஞ்சி, மருந்து தெளித்தோ புல்லைக் கொளுத்தியோ அவற்றை ஒழிக்க முற்படுவாராயின் தமக்கே நஷ்டம் தேடிக்கொண்டவராவர். சிட்னிச் சிலந்திக்கும் நம் வரப்புச் சிலந்திக்கும் உள்ள உறவு, அத்தேசத்துக் கங்காருவுக்கும் நம் வெள்ளாட்டுக்கும் உள்ள உறவினும் தொலைவானது.

பெயர் ஒன்றாயிருந்தும் பொருள் வேறாவது உழவருக்குப் புதிதன்று. மரவள்ளியும் வள்ளி, சர்க்கரைவள்ளியும் வள்ளி. ஆயினும் முன்னது ஆமணக்கின் குடும்பத்தது. பின்னது தாலிக்கீரைபோன்ற கொடிகளின் குடும்பத்தது. சீரகத்துக்கும் கருஞ்சீரகத்துக்கும் கடையில் ஒரே வரிசையில் இடம் கிடைப்பினும் செடிகளுக்குள் யாதோர் இரத்த சம்பந்தமும் இல்லை. கிழங்கின் தோற்றத்தாலும் விதையின் தோற்றத்தாலும் மக்கள் இட்ட பெயர்கள் இவை. வாங்கவும் விற்கவும் போதுமானவை. புனல் வலை என்னும் பெயரும் அத்தகையதே. அது வலையின் வடிவைக் கூறுமேயன்றி, அதனை நெய்த ஜந்துவின் குலத்தைக் கூறாது.

குலத்தைக் கூறும் பெயர்களை இடுவதற்குச் சாஸ்திரிகள் தனி முறையொன்றை வகுத்துள்ளனர். கிராமக் கணக்கைப் பார்ப்பவருக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஜில்லாவுக்குள் தாலுகா, தாலுகாவுக்குள் கிராமம், கிராமத்துள் சர்வே எண் என்று நிலம் அடங்குமாறுபோல, வரிசைக்குள் குடும்பம், குடும்பத்துள் பேரினம், பேரினத்துள் சிற்றினம் என்று உயிர்கள் அடங்கும். ஒவ்வொரு சிற்றினத்துக்கும் இரு சொற்களாலான பெயர் உண்டு. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் சிற்றினத்தையும் குறிக்கும். ஒரே நிலத்துக்கு இரு பத்திரங்கள் பிறந்தால் முந்திய தேதியுடையதற்கே வலிமை மிகுதியாதல்போல, ஒரே உயிருக்கு இருவர் பெயரிட்டிருப்பின் முந்தி அச்சேறிய பெயரே செல்லும். பிந்திய பெயர் செல்லாதென ஒதுக்கப்படுமாயினும் ஏட்டிலிருந்து அழிக்கப்படுவதில்லை. மேலும், பெயரிட்டவர் எந்த ஜந்துவைக் கையிற்கொண்டு வருணித்தாரோ அந்த உடலைச் சாராயத்தில் இட்டுப் பொருட்காட்சிசாலையில் காத்து வைப்பர். இதற்கு மூல மாதிரி என்று பெயர். பின்வருவோர்க்குள் வழக்கு எழுமாயின், எல்லைக்கல்லைத் தேடிச் செல்வதுபோல மூல மாதிரியைத் தேடிச் சென்று ஒப்பிட்டே தீர்ப்புச் செய்வர்.

விலங்குகளுக்குப் பெயரிடும் கணக்கு, ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ஆம் வருஷம் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்திய பெயர்கள் செல்லா. ஆனால் சிலந்திகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அதே தேசத்தவரான கார்ல் கிளெர்க் என்பவர் 1757-இல் தம் நாட்டுச் சிலந்திகளைப்பற்றி எழுதிய நூல் அத்துணை நேர்த்தியாயிருந்தமையின், அதனை 1758-ஆம் வருஷத்து முதல் நாளில் வெளிவந்ததாகவே பாவித்து, லின்னேயஸின் பெயர்களுக்கும் அதனை முற்படுத்தினர். ஐரோப்பாவின் புல்வெளிகளில் புனல் வலை கட்டும் அஜெலினா லாபிரிந்திகா என்னும் சிலந்தியின் இரண்டாஞ்சொல் கிளெர்க் இட்டதே. மாணாக்கரும் ஆசிரியரும் வாதிட்டுக்கொள்ளும் இவ்வகை விஷயங்களில் சட்டம் ஒரு நூலுக்கு ஒரு வருஷத்தைச் சலுகையாகக் கொடுத்தது அபூர்வமே.

இனிச் சிலந்திகளின் பெரும்பிரிவுகளைக் காண்போம். நாம் நாள்தோறும் காணும் சிலந்திகளுட் பெரும்பாலானவற்றின் நச்சுப்பற்கள் குறட்டின் இரு அலகுகளைப்போல எதிரெதிராக வந்து பொருந்துவன. மற்றொரு பிரிவின் பற்கள் அங்ஙனமல்ல. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி, மேலிருந்து கீழ்நோக்கிக் கடப்பாரை இறங்குவதுபோல இறங்குவன. இரையைத் தரையோடு அழுத்திக் குத்துவதற்கு இவ்வமைப்பு ஏற்றது. இப்பிரிவினவற்றுக்குப் புத்தகத்தின் ஏடுகள்போல மடிந்த நுரையீரல்கள் இரண்டு ஜோடி உண்டு. குறட்டுப்பல் சிலந்திகளுள் பலவற்றுக்கு ஒரு ஜோடியே. சிட்னிச் சிலந்தி கடப்பாரைப்பல் பிரிவைச் சார்ந்தது. வரப்புச் சிலந்தியும், ஐரோப்பாவின் அஜெலினாவும் குறட்டுப்பல் பிரிவைச் சார்ந்தவை. இவ்விரு பிரிவுகளும் பூமியில் பறவைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பிரிந்துபோயின. புனல் வடிவ வலையோ இருபுறத்திலும் தனித்தனியே உண்டாயிற்று. இரையின் அசைவை உணர்த்தும் விரிப்பும், ஒளிந்துகொள்ளக் குழாயும் வேண்டுமாயின் எவர் நெய்தாலும் வடிவம் ஏறக்குறைய அதுவாகவே முடியும் போலும்.

சிட்னிச் சிலந்திக்கு முதன்முதற் பெயரிட்டவர் அதனை உயிரோடு கண்டவர் அல்லர். இங்கிலாந்தில் டார்செட் பகுதியிலுள்ள பிளாக்ஸ்வர்த் என்னும் சிற்றூரின் பாதிரியாராயிருந்த ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையிலிருந்த பெண் சிலந்தி ஒன்றை ஆராய்ந்து, 1877-ஆம் வருஷம் அதற்கு அட்ராக்ஸ் ரோபஸ்டஸ் என்று பெயரிட்டார். ரோபஸ்டஸ் என்பது கட்டுறுதி வாய்ந்தது எனப் பொருள்படும் லத்தீன் சொல். அதற்கு நான்கு வருஷம் முன்னர், 1873-இல், ஜெர்மானியரான லுட்விக் கோஹ் அதன் நெருங்கிய பங்காளியொன்றுக்கு ஹாட்ரோனைக்கி என்று பெயரிட்டிருந்தார். இருவரும் ஐரோப்பாவில் இருந்துகொண்டு குப்பியில் வந்தவற்றைக் கண்டு எழுதியவர்கள். அச்சிலந்தி வளையிலிருந்து எங்ஙனம் வெளிவரும், ஆண் எத்தகையது, கடித்தால் யாது விளையும் என்பனவற்றுள் ஒன்றும் பாதிரியாரின் பெயரில் அடங்கவில்லை.

பின்னர்ச் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலியப் பொருட்காட்சிசாலையில் பூச்சியியல் வல்லுநராயிருந்த வில்லியம் ஜோசப் ரெயின்போ, 1914-ஆம் வருஷத்தில் இவ்வினத்தைப் பற்றி எழுதலானார். டர்ரமுர்ரா என்னும் இடத்தில் ஒரு மரக்கட்டையின் அடியில் அவருக்கு ஆண் சிலந்தியொன்று அகப்பட்டது. அதன் இரண்டாங்காலில் முள்போன்ற புடைப்பு ஒன்று இருந்தது. பெண்ணிடத்தில் இல்லாத இவ்வுறுப்பைக் கண்டு, இஃது வேறோர் இனமெனத் துணிந்து, யூக்டிமினா டிபியாலிஸ் என்று புதுப்பெயர் சூட்டினார். புணரும் வேளையில் பெண்ணின் பற்களைத் தாங்கித் தடுத்துக்கொள்ள உதவும் முள் அது. அதே கட்டுரையில், நீலமலைகள் எனப்படும் மலைத்தொடரிலிருந்து வந்த பெண் சிலந்திகளை மற்றுமோர் இனமாகக் கொண்டு, பொய்க்கிலோமார்பியா மொன்டானா என்றார். மொன்டானா என்றது மலைக்குரியது என்னும் பொருட்டு. ஆக, ஏறக்குறைய ஒரே நிலத்துக்கு மூன்று பட்டாக்கள் வழங்கப்பட்டன. மயிலை முன்பின் கண்டிராத ஒருவர், தோகையுள்ளதை ஒரு பறவையென்றும் தோகையில்லாததை வேறொரு பறவையென்றும் எழுதிவைத்தால் அவரைக் குறைகூறுதல் தகாது. ரெயின்போவின் பிழையும் அத்தகையதே. அதிலும் மூன்றாவது பெயரைப் பொறுத்தமட்டில் அவர் செய்தது பிழைதானா என்பது பின்னர்த் தெரியவரும்.

அதுவரை இவ்வாராய்ச்சி ஒரு சிலரின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1927-ஆம் வருஷத் தொடக்கத்தில் சிட்னியின் புறநகரான தார்ன்லியில் சிறுவன் ஒருவன் இச்சிலந்தி கடித்து மாண்டான். ஊரார் கலங்கினர். நியூ சவுத் வேல்ஸ் சர்க்கார், பொருட்காட்சிசாலையினரையும் சுகாதார இலாகாவினரையும் சர்வகலாசாலை ஆசிரியர்களையும் ஒருங்கு கூட்டி, இது யாது, எங்கு வாழ்வது என்று கேட்டது. அப்பொழுது முதலில் எழுந்த கேள்வி மருந்தைப்பற்றியதன்று, பெயரைப்பற்றியதே. மூன்று பெயர்களும் மூன்று ஜந்துக்களைக் குறிப்பனவா, ஒன்றையே குறிப்பனவா என்பது தெரியாமல், எதனைக் கண்டு அஞ்சுமாறு ஜனங்களுக்குச் சொல்வது? பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ஆந்தனி மஸ்கிரேவ் மாதிரிகளைச் சோதித்து, ரெயின்போ பிரித்த ஆணும் மலைப் பெண்ணும் ஒன்றே என்றும், அட்ராக்ஸினின்றும் அவற்றைப் பிரித்தற்குப் போதிய வேற்றுமை காணவில்லை என்றும் கண்டார். ஆயினும் லண்டனிலுள்ள மூல மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அவை அட்ராக்ஸ் ரோபஸ்டஸே என்று முடிவு கூறாமல் நிறுத்திக்கொண்டார். ஊர் முழுதும் விடையை எதிர்நோக்கியிருந்த வேளையில் மூலப்பத்திரத்தைக் காணாமல் கையெழுத்திட மறுத்த அவருடைய நிதானம் பாராட்டத்தக்கது. பின்னர் மூன்றும் ஒன்றாக்கப்பட்டு, பாதிரியார் இட்ட முந்திய பெயரே நின்றது. மொன்டானா என்னும் பெயர் ஏட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டது.

1927 முதல் 1980 வரை இச்சிலந்தியால் நேர்ந்தனவாகப் பதிவான மரணங்கள் 13. இவற்றுள் கடித்த சிலந்தி இன்னதென்று அறியப்பட்ட இடங்களில் எல்லாம் அது ஆணாகவே இருந்தது. பெண் தன் வளையை விட்டு அகலுவது அரிது. ஆணோ கோடையிலும் அதனை அடுத்த மாதங்களிலும் மழை பெய்த இரவுகளில் துணை தேடிப் புறப்பட்டு, வீட்டுக்குள்ளும் செருப்புக்குள்ளும் புகுந்துவிடும். மேலும் ஆணின் விஷம் பெண்ணின் விஷத்தைவிடப் பன்மடங்கு கொடியது. விந்தை யாதெனின், மனிதரையும் குரங்கையும் கொல்லும் இவ்விஷத்தை நாயும் பூனையும் முயலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. மெல்போர்னிலுள்ள காமன்வெல்த் சீரம் சாலையில் பணியாற்றிய வைத்தியர் ஸ்ட்ரூவான் சதர்லாண்ட், பல வருஷ முயற்சியின்பின், முயல்களுக்கு ஆண் சிலந்தியின் விஷத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து முறிமருந்து தயாரித்தார். 1981-இல் அது வைத்தியசாலைகளுக்கு வந்தது. அதன்பின் இச்சிலந்தி கடித்து இறந்தார் என உறுதிப்பட்டவர் ஒருவரும் இலர். சிட்னிக்கு வடக்கேயுள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவுக்குப் பொதுஜனங்கள் தங்கள் வீட்டில் அகப்பட்ட சிலந்திகளைப் புட்டியில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும், அங்கே அவற்றின் பல்லிலிருந்து விஷம் எடுத்து மருந்து சாலைக்கு அனுப்புவதும் இன்றும் நடைபெறுகின்றன.

ஒரு சிற்றினத்தின் விஷத்தைக்கொண்டு செய்த மருந்து, அதன் பங்காளிகளின் விஷத்தையும் முறிக்குமா என்பது அடுத்த கேள்வி. முறிக்கும் என்பது அனுபவத்தில் தெளிந்தது. இவ்விடத்தில்தான் வகைப்படுத்தலின் பயன் வைத்தியருக்கும் விளங்குகிறது. உறவு நெருங்கியதாயின் விஷமும் நெருங்கியதாயிருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. ஆகவே பங்காளிகள் யாவர் என்று கணக்கெடுப்பது அவசியமாயிற்று. கோஹ் பெயரிட்ட ஹாட்ரோனைக்கியைச் சார்ந்த பல சிற்றினங்கள் நெடுநாள் அட்ராக்ஸ் என்றே வழங்கி வந்தன. ஆஸ்திரேலியப் பொருட்காட்சிசாலையின் மைக்கேல் கிரே 1988-இல் உடலமைப்பையும் உடலிலுள்ள புரதங்களையும் ஒப்பிட்டு, இரண்டையும் மீண்டும் தனித்தனிப் பேரினங்களாக்கினார். 2010-இல் அவர் வெளியிட்ட முழு அளவையில், இல்லவாரா என்னும் புதிய பேரினத்தையும் சேர்த்து, மூன்று பேரினங்களில் 35 சிற்றினங்களைக் கணக்கிட்டார். அவற்றுள் ஒன்றுக்கு முறிமருந்து கண்ட வைத்தியரின் நினைவாக அட்ராக்ஸ் சதர்லாண்டி என்று பெயர். மரத்தின் மேலேறி உளுத்த பொந்துகளில் வாழும் ஹாட்ரோனைக்கி ஃபார்மிடபிலிஸ் என்பதும் இக்கணக்கில் உண்டு. ஆதலின் வளை என்றால் நிலத்திலேயே என்று கொள்ளுதலும் பொருந்தாது.

சிற்றினங்களின் நிலை இவ்வாறிருக்க, குடும்பமும் நிலைத்து நிற்கவில்லை. முதலில் இவை டிப்ளூரிடே என்னும் பெருங்குடும்பத்தில் இருந்தன. 1980-இல் ராபர்ட் ரேவன் அவற்றைப் பிரித்து ஹெக்ஸாதெலிடே என்னும் குடும்பத்தில் வைத்தார். 2018-இல் மார்ஷல் ஹெடினும் அவருடன் உழைத்தோரும் மரபணுக்களை ஆராய்ந்து, அக்குடும்பத்தில் ஒரு வயிற்றில் பிறவாதவையும் சேர்ந்துள்ளன எனக் கண்டு, சிட்னிச் சிலந்தியையும் அதன் பங்காளிகளையும் அட்ராசிடே என்னும் தனிக்குடும்பமாக்கினர். இவ்வாறு பலமுறை பாகப்பிரிவினை நடந்ததைக் கண்டு சாஸ்திரிகளுக்கு உறுதியில்லை என்று நகைப்பாரும் உளர். முதல் அளவையில் சங்கிலியால் அளந்த எல்லையை மறு அளவையில் நுட்பமான கருவியால் திருத்துவதை எவரும் நகைப்பதில்லை.

இங்ஙனம் பெயர் மாறுவதால் விளையும் தொல்லைக்கும் ஓர் உதாரணம் உண்டு. இச்சிலந்திகளின் விஷத்திலுள்ள பொருள்களை முதலில் அட்ராகோடாக்ஸின் என்று அழைத்தனர். 2008-இல் எல்லாச் சிலந்தி விஷங்களுக்கும் குடும்பப் பெயரை ஒட்டியே பெயரிடவேண்டும் என்று முறை வகுத்தபோது, அக்காலத்துக் குடும்பமான ஹெக்ஸாதெலிடேயை ஒட்டி அவற்றை ஹெக்ஸாடாக்ஸின் என்று மாற்றினர். பத்து வருஷத்தில் குடும்பமே அட்ராசிடே ஆயிற்று. விஷத்தின் பெயரோ ஹெக்ஸாடாக்ஸினாகவே நின்றுவிட்டது. பட்டா மகன் பெயருக்கு மாறியும் ரசீது தகப்பன் பெயரிலேயே வருவதுபோன்ற நிலைமை இது. இவ்விஷயம் உழவருக்கு முற்றும் அயலானதன்று. நீலமலைகளில் வாழும் ஹாட்ரோனைக்கி வெர்சூட்டா என்னும் சிற்றினத்தின் விஷத்தில், மனிதரைத் தாக்காமல் பூச்சிகளை மட்டும் தாக்கும் புரதம் ஒன்று உண்டு. அதனை ஆதாரமாகக் கொண்டு, ஈஸ்டின் மூலம் வளர்த்து எடுத்த பூச்சிமருந்து ஒன்றை 2014-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்கார் பதிவு செய்தது. அப்பொருளின் சாஸ்திரப் பெயரில் வரும் எச்.வி. என்னும் இரண்டெழுத்து, அச்சிலந்தியின் பெயரின் முதலெழுத்துக்களே. கொல்லும் சிலந்தி என்ற ஒரே சொல்லோடு நிறுத்தி, எந்தச் சிற்றினத்தில் எந்தப் பொருள் உளது என்று பிரித்தறியாதிருந்தால் இத்தகைய மருந்து கிடைத்திராது.

இனி மொன்டானாவின் கதைக்கு வருவோம். சிட்னிச் சிலந்தி என்று ஒரே பெயரால் வழங்கியது, வடக்கே நியூகாசில் முதல் தெற்கே நௌரா வரையிலும், மேற்கே லித்கோ வரையிலும் பரவியிருப்பதாகக் கொள்ளப்பட்டிருந்தது. இத்துணைப் பரப்பிலும் உள்ளது ஒரே சிற்றினந்தானா என்னும் ஐயம் பல நாள் இருந்தது. ஸ்டெபனி லோரியா, டானிலோ ஹார்ம்ஸ் முதலிய ஜெர்மானிய, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒருங்கே சோதித்து, 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தம் முடிவை வெளியிட்டனர். ஒன்றென்றிருந்தது மூன்றாயிற்று. சிட்னியின் வடபகுதியிலும் அதற்கு வடக்கேயுள்ள கரையோரத்திலும் வாழ்வது பழைய அட்ராக்ஸ் ரோபஸ்டஸ். சிட்னிக்குத் தெற்கிலும் மேற்கே நீலமலைகளிலும் வாழ்வது வேறு. நியூகாசிலைச் சூழ்ந்த சிறு வட்டத்துக்குள் வாழ்வதும், மற்றவற்றினும் பெரியதுமானது மூன்றாவது. மூன்றாவதற்குப் பெயர் இல்லாமையால், அதனைத் தேடிச் சேகரித்து ஆராய்ச்சியாளரின் கவனத்துக்குக் கொணர்ந்த கேன் கிறிஸ்டென்சனின் பெயரால் அட்ராக்ஸ் கிறிஸ்டென்சனி என்றனர். இரண்டாவதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. 1914-இல் ரெயின்போ நீலமலைச் சிலந்திக்கு இட்ட பெயர் ஏட்டின் ஓரத்தில் இருந்ததே! செல்லாதென ஒதுக்கப்பட்ட அப்பெயர், அட்ராக்ஸ் மொன்டானஸ் என இலக்கணத்துக்கு ஏற்பத் திரிந்து, நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களுக்குப் பின் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. முறிமருந்து மூன்றுக்கும் பயன்படுவதால் நோயாளிக்குக் கவலையில்லை. மூன்றின் விஷத்துக்குமுள்ள வேற்றுமையை அறிந்து மருந்தை மேலும் திருத்துதல் இனிமேல் ஆராய்ச்சியாளரின் வேலை.

குறட்டுப்பல் பிரிவில் புனல் வலை கட்டும் அஜெலினிடே குடும்பத்தைப்பற்றிச் சுருங்கச் சொல்லின் போதும். ஐரோப்பாவின் வீடுகளில் மூலைதோறும் காணப்படும் டெஜெனேரியா என்னும் பேரினம் இக்குடும்பத்தது. அதனை 2013-இல் இரண்டாகப் பிரித்தபோது, பிரிந்த பாகத்துக்குப் பழைய பெயரின் எழுத்துக்களையே முன்பின்னாக மாற்றி எராடிஜினா என்று பெயரிட்டனர். சாஸ்திரிகளுக்கும் விளையாட்டு உண்டு. இப்பேரினத்தில் அக்ரெஸ்டிஸ் என்னும் சிற்றினம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் குடியேறியது. அக்ரெஸ்டிஸ் என்பதற்கு வயலுக்குரியது என்பதே பொருள். லத்தீன் அறியாதார் அதனைத் தாக்குவது எனப் பொருள்படும் இங்கிலீஷ்ச் சொல்லோடு மயங்கி, தாக்கும் வீட்டுச் சிலந்தி என்று பெயர் பரப்பினர். கடித்த இடம் அழுகிப் புண்ணாவதற்கும் அதுவே காரணம் என்றனர். பிற்கால ஆராய்ச்சிகள் அக்கூற்றை ஆதரிக்கவில்லை. தாய்நாட்டில் அது ஒருவரையும் வருத்தியதாகப் புகழ்பெறவுமில்லை. வயலுக்குரியது என்ற சாதுவான பெயரே ஒரு ஜந்துவுக்குக் கொலைப்பழி தேடித் தந்தமை இரங்கத்தக்கது.

நம் வரப்பில் பனித்துளி தாங்கி நிற்கும் வலைகளோ பெரும்பாலும் அஜெலினிடே குடும்பத்தின் கைவேலையுமன்று. அவை ஓநாய்ச் சிலந்திகள் எனப்படும் லைகோசிடே குடும்பத்தைச் சார்ந்த ஹிப்பாசா என்னும் பேரினத்தின் வலைகள். ஓநாய்ச் சிலந்திகள் பொதுவாக வலை கட்டாமல் ஓடித்திரிந்து வேட்டையாடுவன. ஹிப்பாசா அவ்வழக்கத்துக்கு விலக்கு. பிரெஞ்சுக்காரரான யூஜீன் சிமோன் 1884-இல் இவற்றுள் ஒன்றுக்கு அஜெலினாய்டிஸ் என்று பெயரிட்டார். அஜெலினாவைப் போன்றது என்பது அதன் பொருள். போன்றது என்றாரேயன்றி அதுவே என்றாரில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ஹிப்பாசா கிரீனல்லியே என்பது 1867-இல் ஜான் பிளாக்வால் பெயரிட்டது. கடப்பாரைப்பல் பிரிவில் புனல்போன்ற வலை கட்டும் இண்டோதிலி என்னும் பேரினமும் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. சிட்னிச் சிலந்தி முன்னர் இருந்த டிப்ளூரிடே குடும்பத்திலேயே அதுவும் இருந்தது; 2020-இல் இஷ்னோதெலிடே என்னும் வேறு குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. அட்ராசிடே குடும்பத்தினவோ ஆஸ்திரேலியக் கண்டத்தையும் டாஸ்மேனியாவையும் விட்டு வேறெங்கும் வாழ்வனவல்ல.

ஹிப்பாசாவை அடையாளம் காண்பதற்குப் பூதக்கண்ணாடி வேண்டுவதில்லை. உடல் சாம்பலும் பழுப்பும் கலந்தது. சிட்னிச் சிலந்தியைப்போல எண்ணெய் பூசினாற்போன்று பளபளக்கும் கருமை அதற்கு இல்லை. முட்டையிடும் பருவத்தில் பெண் தன் முட்டைகளை ஒரு பந்தாகச் சுருட்டி, உடலின் பின்நுனியில் ஒட்டிக்கொண்டு, வெயில் வேளையில் குழாயின் வாயில் வந்து காய்ச்சும். குஞ்சு பொரித்தபின் குஞ்சுகள் யாவும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். இவ்விரண்டும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தின் முத்திரை. கண்கள் எட்டும் மூன்று வரிசையாக இருக்கும். முன்வரிசையில் சிறியன நான்கும், அதன்மேல் பெரியன இரண்டும், பின்னே இரண்டும் அமைந்திருக்கும். இரவில் கை விளக்கை நெற்றியளவில் பிடித்து வரப்பை நோக்கினால் அவை சிறு பொறிபோல மின்னும்.

வரப்பில் அமர்ந்து இது பிடிப்பன தத்துப்பூச்சிகளும் ஈக்களும் சிறு அந்துகளுமே. இதே குடும்பத்தைச் சார்ந்து, நெற்பயிரின் தூரடியில் ஓடித்திரியும் பர்டோசா சூடோஅன்னுலேட்டா என்னும் சிலந்தி, புகையானைத் தின்பதில் பேர்பெற்றது. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. எல்லாப் பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் மருந்துகளை மிகுதியாகத் தெளித்த வயல்களில் முதலில் மாள்வன சிலந்திகளே. அவை ஒழிந்தபின், மருந்துக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து வெளிவரும் புகையானைத் தடுப்பார் இல்லாமல், அது முன்னினும் பன்மடங்காய்ப் பெருகுவதைப் பல தேசத்து உழவரும் அனுபவத்தில் கண்டுள்ளனர். வரப்புப் புல்லை ஒரே நாளில் முற்றும் செதுக்குவதும் கொளுத்துவதும் அத்தகையனவே. ஒருபக்கத்து வரப்பை இவ்வாரமும் மறுபக்கத்ததைச் சில நாள் கழித்தும் செதுக்கினால், வலையிழந்தவை இடம்பெயர்ந்து பிழைக்கும்.

பெயர் அறியப்படாத சிலந்திகள் நம் நிலங்களில் இன்னும் இருக்கக்கூடும். புதியதாகத் தோன்றுவதைக் காண்பவர் அதனைக் கையால் பிடிக்கலாகாது. வாய் அகன்ற புட்டியைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி மூடிக்கொள்க. பின் அதனைச் சாராயம் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, குப்பிக்குள்ளேயே ஒரு சீட்டையும் இடுக. சீட்டு தடித்த காகிதமாகவும், எழுத்து பென்சிலால் எழுதியதாகவும் இருத்தல் வேண்டும்; மை கரைந்துபோம். கிராமம், தாலுகா, தேதி, எவ்வகை வலையில் அல்லது வளையில் அகப்பட்டது, அருகில் நின்ற பயிர் யாது என்பனவற்றை அதில் குறித்து, அருகிலுள்ள வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் பகுதிக்கு அனுப்புக. பழைய குப்பிகள் சிலவற்றில் தேசத்தின் பெயர் மட்டுமே எழுதியிருப்பதால் ஆராய்ச்சியாளர் படும் பாடு பெரிது. ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் அகப்படுமாயின் இரண்டையும் ஒரே குப்பியில் இடாமல் தனித்தனியே இட்டு, ஓரிடத்தில் கிடைத்தவை என்பதை இரண்டு சீட்டிலும் எழுதுக.